பூக்கடை அக்கா பதில்கள்: மல்லி கிலோ 3,000 ரூபாய் ஏன்?

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் எங்கள் கமிஷன் கடையில் நான் உட்கார ஆரம்பித்து 31 வருஷம் ஆகிறது. அப்பா இருந்தவரை நோட்டு எழுதினேன். அவருக்குப் பிறகு தராசும் என் கைக்கு வந்தது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விலையைப் பற்றித்தான். தை பிறக்கப் போகிறது, கேட்காமல் இருப்பார்களா?

கேள்வி: தை மூன்றாவது வாரம் என் மகளுக்குக் கல்யாணம். சித்திரையில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு மல்லி கிலோ 300 ரூபாய்க்கு வாங்கினோம். இப்போது அதே கடைக்காரர் 3,000 என்கிறார். தெரிந்தவர் என்றுதான் போனோம். ஏமாற்றுகிறாரா அக்கா?
(ஒரு வாசகி, திருமங்கலம்)

இல்லை அம்மா, ஏமாற்றவில்லை. அவரும் எங்களைப் போல ஒரு கமிஷன் கடையில் 2,700, 2,800 கொடுத்துத்தான் எடுத்திருப்பார்.

குண்டுமல்லி வெயிலுக்குப் பூக்கிற செடி. மாசிக் கடைசியில் தொடங்கி ஆனி வரை அதற்குக் காலம். மார்கழியில் ராத்திரிப் பனி இறங்கியதும் செடி அடங்கிவிடும். வைத்த மொட்டும் பருக்காமல் அரிசி மாதிரி நிற்கும். பெரும்பாலான தோட்டங்களில் கார்த்திகை நடுவில்தான் கவாத்து செய்வார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுவார்கள் என்பதால், பாதிச் செடிகள் அப்போது வெறும் குச்சியாக இருக்கும். தேவையோ அந்த நேரத்தில்தான் கூடுகிறது. மார்கழி பூஜை, வைகுண்ட ஏகாதசி, ஐயப்ப பக்தர்கள், பொங்கல், அதைத் தொட்டாற்போல் தை முகூர்த்தம். வருஷத்தில் பூ மிகக் குறைவாக வருகிற மாதமும் கேட்பவர்கள் கூடுகிற மாதமும் ஒன்றாகிவிடுகிறது.

உங்களுக்கு உதவுகிற கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு கிலோ மல்லியில் நாலாயிரம் மொட்டுக்குக் குறையாது. மதுரைக் கட்டாக நெருக்கிக் கட்டினால் 20 முழம் சொச்சம் வரும். கிலோ 3,000 என்றால் முழத்துக்குப் பூவே 150 ரூபாய் ஆகிவிடுகிறது, கட்டுகூலி தனி. அந்த நாளில் முழம் 80 ரூபாய்க்கு யாராவது ஒப்புக்கொண்டால், இடைவெளி விட்டுத்தான் கட்டிக் கொடுப்பார்கள். எத்தனை முழம் என்று பேசாதீர்கள், எத்தனை கிலோ பூ என்று பேசுங்கள்.

மல்லியைப் பெண்ணுக்கும் நெருங்கிய சொந்தத்துக்கும் தலைக்கு மட்டும் வையுங்கள். மாலைக்குச் சம்பங்கி, ரோஜா போதும். மேடைக்குச் செவ்வந்தி எடுங்கள், குளிர்காலம் அதற்குச் சீசன். வரவேற்புத் தட்டில் வைக்கும் சரத்துக்கு மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து சேர்த்துக் கதம்பமாகக் கட்டச் சொன்னால் மல்லி மூன்றில் ஒரு பங்கு ஆகும், பார்க்கவும் நிறைவாக இருக்கும். இன்னொன்று, விலை ஏறுவது முகூர்த்தத்தன்று அல்ல, அதற்கு முதல் நாள் காலையில். விடிகாலை முகூர்த்தத்துக்கு முதல் நாள் பறித்த மொட்டுதான் வேண்டும். எனவே ஒரு வாரம் முன்னாலேயே கொஞ்சம் பணம் கொடுத்து, “சந்தை விலைக்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு” என்று லாபத்தை மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிலக்கோட்டைப் பக்கம் அரை ஏக்கரில் மல்லி போட்டு மூன்று வருஷம் ஆகிறது. பேப்பரில் கிலோ 4,000 என்று போடுகிறார்கள். எனக்கு மார்கழியில் பூவே வருவதில்லை. அந்த விலையைப் பிடிக்க எப்போது கவாத்து செய்ய வேண்டும்?
(ஒரு விவசாயி)

தம்பி, பேப்பரில் வருகிற விலை பொய்யில்லை. ஆனால் அந்த விலைக்கு எத்தனை பேர் எத்தனை கிலோ விற்றார்கள் என்று அதில் போடுவதில்லை.

போன மார்கழிக் கடைசியில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். அவருக்கும் அரை ஏக்கர்தான். சித்திரையில் வந்தால் கூடையும் சாக்குமாக ஆட்டோவில் இறங்குவார். அன்றைக்கு பஸ்ஸில் வந்து, கையில் இருந்த ஈரத் துண்டை அவிழ்த்தார். உள்ளே வாழையிலையில் இரண்டு கை கொள்கிற அளவு மொட்டு. தராசில் 400 கிராம் காட்டியது. கிலோ 3,000 போட்டேன். 1,200 ரூபாய், கமிஷன் நூற்றுக்குப் பத்து 120 போக 1,080. அவரும் வீட்டுக்காரம்மாவும் பனியில் செடி செடியாகத் தேடிப் பறித்தது அது. விரல் நுனி எல்லாம் சுருங்கி வெளுத்துப் போயிருந்தது.

அதே நோட்டைப் பின்னால் புரட்டினால் அவருடைய சித்திரைக் கணக்கு இருக்கிறது. ஒரு நாள் 30 கிலோ, விலை 250. மொத்தம் 7,500. கமிஷன் 750, பறிகூலி கிலோவுக்கு 50 வீதம் 1,500. மீதி 5,250. நல்ல நாள். பத்து நாள் கழித்து அதே 30 கிலோ, விலை 100. மொத்தம் 3,000. கமிஷன் 300. பறிகூலி மட்டும் அதே 1,500. மீதி 1,200.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 30 கிலோ பறித்த நாளில் 1,200, 400 கிராம் பறித்த நாளில் 1,080. பூ விலை பாதியாகும்போது பறிகூலி பாதியாவதில்லை. மொட்டு எடுக்கிற வேலை ஒன்றுதான், விடிகாலை ஐந்து மணிக்கு இறங்குகிறவர் ஒன்பது மணிக்குள் நாலு கிலோ எடுத்தால் நல்ல கை. அவர் கூலியில் கை வைக்கவும் முடியாது, வைக்கவும் கூடாது. விலை இல்லை என்று பறிக்காமல் விட்டாலோ, செடியிலேயே கிடக்கும் பூவில் மொட்டுப்புழு ஏறி அடுத்த சுற்றையும் கெடுக்கும். எனவே மார்கழி விலையை விடுங்கள். உங்கள் வருமானத்தை அடிப்பது சித்திரை, வைகாசியில் விலை சரிகிற அந்த இருபது, முப்பது நாட்கள். அங்கேதான் கவனம் வேண்டும்.

உங்கள் ஊரில் எல்லாரும் ஒரே வாரத்தில் கவாத்து செய்கிறீர்கள், ஒரே வாரத்தில் பூ சந்தைக்கு வந்து குவிகிறது. அரை ஏக்கரை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கைப் புரட்டாசியில் வெட்டுங்கள். இன்னொன்றை வழக்கம்போல் கார்த்திகை நடுவில். மூன்றாவதை அதற்கு இருபது நாள் தள்ளி. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் போதும். புரட்டாசியில் வெட்டியது ஐப்பசி மழையில் தப்பித்தால் மார்கழியில் கொஞ்சம் பூ காட்டும். பனி கடுமையானால் அதுவும் இருக்காது, அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

இரண்டாவது, எல்லாம் மல்லியாக வைக்க வேண்டாம். பத்து சென்ட் பிச்சி (ஜாதிமல்லி) போடுங்கள். பிச்சிக்குக் கவாத்து மார்கழி நடுவில், முல்லைக்குத் தை நடுவில். மல்லி அடங்குகிற ஆடிக்குப் பிறகும் பிச்சி கார்த்திகை வரை கொடுக்கும். மல்லி நாற்று வேண்டுமானால் ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்தில் எடுங்கள். எங்கள் பக்கத் தோட்டங்கள் பாதிக்கு மேல் அந்த நாற்றில் வந்தவைதான்.

மூன்றாவது, முன்பணம். நானும் கொடுக்கிறவள்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். ஒரு கடையில் முன்பணம் வாங்கினால் பூவை அந்தக் கடைக்குத்தான் போட வேண்டும், பக்கத்துக் கடையில் பத்து ரூபாய் கூடக் கிடைத்தாலும் போக முடியாது. வாங்காமல் இருக்க முடிந்தால் வாங்காதீர்கள். வாங்கினால், தினம் எடை, விலை, பிடித்தம் மூன்றும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு தராத கடையில் எத்தனை வருஷப் பழக்கம் இருந்தாலும் பூ போடாதீர்கள்.

கேள்வி: ஒரே சந்தையில் காலை 7 மணிக்கு ஒரு விலை, 10 மணிக்கு ஒரு விலை. யார் தீர்மானிக்கிறார்கள்?
(கல்லூரி மாணவர், மேலூர்)

யாரும் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. மல்லி மொட்டு அன்று மாலை மலர்ந்துவிடும், அவ்வளவுதான் அதற்கு நேரம். சென்னைக்கும் கேரளத்துக்கும் சிங்கப்பூர், துபாய் விமானத்துக்கும் போகிற பூவை ஐஸ் போட்டுத் தெர்மாகோல் பெட்டியில் காலையிலேயே கட்டியாக வேண்டும். அந்த வியாபாரிகள் நிற்கிறவரை விலை நிற்கும். அவர்கள் பெட்டியை ஒட்டிவிட்டால் மீதிப் பூவுக்கு உள்ளூரில் கட்டி விற்பவர்கள் மட்டும்தான். பத்து மணிக்கு வெயில் ஏறும்போது கூடையில் ஒரு மொட்டு வாய் திறந்தாலும் கிலோவுக்கு ஐம்பது இறங்கிவிடும்.

நெதர்லாந்தில் ஆல்ஸ்மீர் என்ற ஊரின் பூ ஏலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடிகாரம் மாதிரி ஒரு பலகை, விலை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும், முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குப் பூ. எங்கள் சந்தையிலும் விலை மேலிருந்துதான் இறங்குகிறது. இங்கே அந்த முள்ளை வெயில் நகர்த்துகிறது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் மட்டும் தலைகீழ், நேரம் ஆக ஆக ஏறும்.

கேள்வி: சென்னையில் மேடை அலங்காரம் செய்கிறேன் அக்கா. ஓசூர் ரோஜா ஜனவரிக் கடைசியில் ஏற ஆரம்பித்து பிப்ரவரியில் கட்டுப்படியாகவில்லை. வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே விலை பேசிவிடுகிறேன். என்ன செய்வது?
(ஒரு தம்பி, வடபழனி)

கொய்மலர், அதாவது தண்டோடு வெட்டி விற்கிற பூ, எங்கள் கடையில் கொஞ்சம்தான். ஆனால் என் தம்பி மகன் ஓசூரில் ஒரு பசுமைக்குடிலில் வேலை பார்க்கிறான், அவனிடம் கேட்டே எழுதுகிறேன்.

காதலர் தினத்துக்குப் பூ வேண்டும் என்றால் டிசம்பர் நடுவிலிருந்து கடைசிக்குள் செடியைக் கிள்ளியும் வளைத்தும் விடுவார்கள். அதிலிருந்து 45, 50 நாளில் தண்டு நீண்டு மொட்டு வெட்டுக்கு வரும். அந்தச் சமயத்தில் கிள்ளிவிட்டதால் ஜனவரியில் சந்தைக்கு வரும் பூ குறைகிறது. பிப்ரவரி முதல் வாரத்தில் வருகிற நீளத் தண்டுப் பூ பெரும்பாலும் வெளிநாட்டுக்கும் வடக்கே பெரிய நகரங்களுக்கும் போய்விடுகிறது. நீங்கள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறீர்கள்.

சிவப்புதான் அந்த வாரங்களில் தீயாக இருக்கும். தாஜ்மஹால் என்கிற சிவப்பு ரகம் வேண்டாம் என்று சொல்லி, வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பில் மேடையை வரைந்து காட்டுங்கள். 20 பூ கட்டில் 60 சென்டிமீட்டர் தண்டுக்கு ஒரு விலை, 40-க்கு ஒரு விலை. மேடைப் பஞ்சில் குத்துகிற பூவுக்கு நீளத் தண்டு எதற்கு? எப்படியும் வெட்டித்தானே குத்துகிறீர்கள். ஜெர்பராவும் நீலகிரி கார்னேஷனும் கலந்துகொள்ளுங்கள். விலை பேசும்போது பூவுக்குத் தனித் தொகையும் வேலைக்குத் தனித் தொகையும் எழுதுங்கள். பூவின் தொகை அந்த வார விலைப்படி மாறும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

கழிவைக் குறைத்தாலே பாதி விலையேற்றம் சரியாகிவிடும். கட்டு வந்ததும் அடி இலைகளை உருவி, தண்ணீருக்குள் வைத்தே நுனியைச் சாய்வாக வெட்டி, சுத்தமான வாளியில் நிறுத்துங்கள். குளிர் அறை கிடைத்தால் 2 முதல் 4 டிகிரி. மண்டபத்தில் பழக்கூடைகள் அடுக்கிய அறையில் மட்டும் பூவை வைக்காதீர்கள். பழுக்கிற பழம் விடும் எத்திலீன் வாயு பூவை வாட்டிவிடும். கார்னேஷன் ஒரே ராத்திரியில் கண் மூடிக்கொள்ளும்.

அப்புறம், கடிதத்தில் நீங்கள் “சாமந்தி” என்று எழுதியிருப்பது எங்கள் ஊரில் செவ்வந்தி. வெளியூரில் வாங்கும்போது நிறமும் அளவும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் செண்டுமல்லி மூட்டை வந்து இறங்கும்.

கேள்வி: கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூர் பக்கம் ராத்திரி போனபோது வயல் முழுக்க பல்பு எரிந்தது. செவ்வந்தித் தோட்டம் என்றார்கள். எதற்கு?
(வாசகர், தேனி)

செவ்வந்தி, பகல் குறுகும்போது பூக்கிற செடி. அதனால்தான் ஐப்பசிக்கு மேல் தானாகக் கொட்டும். ராத்திரி விளக்கு போட்டால் இன்னும் பகல் நீளம் என்று செடி மொட்டு வைக்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். விளக்கை நிறுத்திய பிறகுதான் மொட்டு. எந்தப் பண்டிகைக்குப் பூ வேண்டுமோ அதற்கு நாள் கணக்குப் பண்ணி விளக்கை நிறுத்துகிறார்கள்.

நாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஆயுத பூஜைக்கு முதல் நாள் கிலோ 250-க்கு அடித்துப் பிடித்து வாங்கிய செவ்வந்தியை, விஜயதசமி மதியம் 40 ரூபாய்க்குக் கேட்க ஆளில்லாமல் நான் பார்த்திருக்கிறேன். அன்று இரவே ராயக்கோட்டையிலிருந்து இன்னொரு லாரி வந்து நின்றது. அந்த மூட்டைகளை இறக்கவே கூலி கொடுக்க வேண்டியிருந்தது.

கேள்வி: மல்லி மலிவாகும்போது சென்ட் கம்பெனிகள் அடிமாட்டு விலைக்கு எடுக்கின்றன. அவர்கள்தான் விலையைக் கெடுக்கிறார்களா?
(வாசகர், சத்தியமங்கலம்)

நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆயிரம் கிலோ குண்டுமல்லியிலிருந்து சென்டுக்கான மெழுகுச் சாறு இரண்டு கிலோகூடத் தேறாது. பிச்சியில் கொஞ்சம் கூடும், மூன்று கிலோ அளவுக்கு. அதனால் தலையில் வைக்கிற பூவுக்குக் கிடைக்கிற விலையை அவர்களால் கொடுக்க முடியாது. மாலையில் மலர்ந்துவிட்ட பூவைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள், அவர்களுக்கு மலர்ந்த பூதான் வேண்டும். வைகாசியில் அவர்கள் வாங்கவில்லை என்றால் அந்தப் பூ குப்பைக்குப் போகும். 2020-ல் ஊரடங்கின்போது கோயில், கல்யாணம், கம்பெனி எல்லாம் ஒன்றாக மூடின. பறித்த பூவைத் தோட்டத்து ஓரத்தில் கொட்டிவிட்டு வந்து அழுத ஆண்களை நான் பார்த்தேன். வாங்க ஒரு ஆள் இருப்பது பெரிய விஷயம். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது, சீசன் தொடங்கும் முன்பே குறைந்தபட்ச விலையை எழுத்தில் தர வேண்டும் என்பதுதான். விவசாயிகள் பத்து, இருபது பேராகச் சேர்ந்து போனால் பேச முடியும். ஒருவராகப் போனால் முடியாது.

கேள்வி: கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறேன் அக்கா. வீட்டுக்காரர் இல்லை. மார்கழி, தையில் பூ வாங்கவே தினம் 2,000, 3,000 வேண்டும். காலையில் வட்டிக்கு வாங்கி ராத்திரி கட்டுகிறேன். மிஞ்சுவது நூறு ரூபாய்கூட இல்லை. முழம் விலையை ஏற்றினால் ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள்.
(ஒரு வாசகி, மதுரை)

தங்கச்சி, முதலில் அந்த வட்டி. காலையில் 900 கொடுத்து ராத்திரி 1,000 வாங்குகிறார்கள், எனக்குத் தெரியும். ஆயிரத்துக்கு நூறு ரூபாய் வீதம் தினமும் அங்கேயே போய்விடுகிறது. மார்கழி முழுக்க உங்கள் உழைப்பு அவர்களுக்குத்தான்.

இந்த இரண்டு மாதம் ஒரு கிலோ மல்லி எடுக்க வேண்டாம். கால் கிலோ எடுங்கள். கூடவே அரைக் கிலோ செவ்வந்தி, கொஞ்சம் மரிக்கொழுந்து, ஒரு பிடி கனகாம்பரம். கோயிலுக்கு வருகிறவர்கள் சாமிக்கு வாங்குகிறார்கள். செவ்வந்திச் சரமும் துளசி மாலையும் கையில் இருந்தால் அவர்கள் நகரமாட்டார்கள். மல்லியை முழமாக விற்காமல், இரண்டு விரல் அகலத்துக்குச் சின்னத் துண்டாகக் கட்டி 20 ரூபாய்க்குத் தலைக்குக் கொடுங்கள். 150 ரூபாய் முழத்தைக் கேட்டுத் தயங்குகிற பெண்கள் இதைத் தயங்காமல் வாங்குவார்கள்.

பூ வாங்க ஏழு மணிக்கு வராதீர்கள், அது வெளியூர் வியாபாரிகளின் நேரம். முகூர்த்த நாளுக்கு முதல் நாள் தவிர மற்ற நாட்களில் ஒன்பதரைக்கு வாருங்கள். தண்ணீர் தெளித்த பூவாக இருந்தால் ஒரு கை அள்ளி வெள்ளைத் துணியில் உருட்டிப் பாருங்கள், துணி நனைந்தால் எடையில் தண்ணீர் இருக்கிறது. வேறு கூடை கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

எங்கள் கடையில் காலையில் பூ எடுத்துக்கொண்டு மறுநாள் பணம் தருகிற பெண்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். வட்டி கிடையாது. உங்கள் கடிதத்தில் தெருவின் பெயர் இருக்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அவரோடு வாருங்கள்.